ரெண்டரை, நாலரை, ஆறரை: வெட்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு குயில்ட்

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று மூட்டை வெட்டுத்துணி கிடந்தது. ரவிக்கை தைத்த மிச்சம், சுடிதார் மிச்சம், கிழிந்த பாவாடையின் கரை, கொலுவுக்குப் போன வீடுகளில் தாம்பூலப் பையோடு வந்த ரவிக்கைத் துணி என்று எல்லாம் கலந்து பழைய வேட்டியில் கட்டி ஏற்றியது. "எதற்காவது ஆகும்" என்றுதான் கட்டினேன். வருஷக்கணக்காக எதற்கும் ஆகவில்லை. தைக்க உட்காரும்போது மூட்டையைப் பிரிப்பது, கசங்கியதைத் தேய்ப்பது, இதில் எது தேறும் என்று பார்ப்பது, இதற்கே மதியம் போய்விடும். அப்புறம் எங்கே தைப்பது?

டப்பா வாங்கினேன், அலமாரி வாங்கினேன். மூட்டையில் இருந்த குப்பை டப்பாவுக்கு மாறியது, அவ்வளவுதான். கடைசியில் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: துண்டு விழுந்த அன்றைக்கே, கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே, அதை மூன்று அளவில் ஏதாவது ஒன்றாக வெட்டிவிடுவது. 2½ இன்ச், 4½ இன்ச், 6½ இன்ச். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த மூன்று அளவைச் சுற்றித்தான்.

குயில்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். இந்த மூன்றும் இருந்தால் அது குயில்ட்.

ஏன் இந்த மூன்று அளவு

குயில்ட் தையலில் ஓரம் விடுவது கால் இன்ச். ஒரு சதுரத்தின் இரண்டு பக்கமும் கால் இன்ச் உள்ளே போனால், தைத்து முடித்தபின் அதில் அரை இன்ச் குறைந்துவிடும். 2½ இன்ச் துண்டு 2 இன்ச்சாகத் தெரியும். 4½ துண்டு 4 ஆகும், 6½ துண்டு 6 ஆகும்.

இப்போது இதைப் பாருங்கள். நான்கு 2½ சதுரங்களை இரண்டுக்கு இரண்டாக இணைத்தால் கிடைப்பது 4½ சதுரம். ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் 6½ சதுரம். அதாவது பொடித் துண்டுகளை ஒட்டிச் செய்த சதுரமும் ஒரே துணியில் வெட்டிய சதுரமும் அளவில் ஒன்றே. எந்த டப்பாவிலிருந்து எடுத்தாலும் பக்கத்தில் வைத்துத் தைக்கலாம். வெளிநாட்டுக் கடைகளில் 5 இன்ச் சதுரங்களாகவே வெட்டி அடுக்கி விற்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2½ குடும்பத்தோடு அது சேராது. நான் முதலில் அதைப் பார்த்து 5 இன்ச்சில் ஒரு அடுக்கு வெட்டி வைத்து, பிறகு எல்லாவற்றையும் அரை இன்ச் சீவினேன்.

முதலில் கழிப்பது

மூட்டையைத் தரையில் கொட்டுங்கள். நல்லதைப் பொறுக்குவதைவிட ஆகாததைக் கழிப்பது சுலபம்.

பனியன் துணி, லெக்கிங்ஸ், டீ ஷர்ட் போல இழுத்தால் நீளுகிற எதுவும் இந்தக் கூட்டத்தில் சேராது. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் ஒன்று நீளும், ஒன்று நிற்கும், சதுரம் நெளிந்துவிடும். அவற்றைத் தனியே வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

பருத்தியா, பாலியெஸ்டரா என்று சந்தேகமானால் இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எரியும் விளக்கில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கருப்பு மணியாக உறையும். பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம். தாம்பூல ரவிக்கைத் துணிகளுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம். நாலு வீடு சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வந்த துணியாகவும் இருக்கலாம் அது, யாரும் ரவிக்கை தைத்துப் போடப் போவதில்லை. ஆனால் அதில் பருத்தியாக அமைந்தது கிடைத்தால் யோகம்தான். 80 சென்டிமீட்டர் துணியில், ஓரக்கரையைச் சீவிவிட்டு, 4½ சதுரம் 42 வரை தாராளமாக வெட்டலாம்.

அடுத்தது சாயம். சிவப்பு, மரூன், கருநீலம் மூன்றையும் நம்பாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி இன்னும் இரண்டு மூன்று தண்ணீர் பார்க்க வேண்டும். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். உப்புக்குச் சாயப்பட்டறையில் வேலை உண்டு, சாயம் இழையில் ஏற அது உதவும். ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் உதிரிச் சாயத்தை அது பிடித்து வைக்காது. தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதுதான் வழி. நான் சோம்பேறித்தனப்பட்டு ஒரு சிவப்புத் துண்டை அப்படியே சேர்த்ததில், ஒரு குழந்தைப் போர்வை முழுக்க ரோஸ் நிறம் தட்டியது. இனிமேல் ரோஸ் நிறப் போர்வை என்றே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

ரவிக்கை லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவோம், சுருங்கும் என்று. அதே பாடம் இங்கேயும். புதுத்துணித் துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, அலசி எடுங்கள். உறை இல்லாமல் மெஷினில் போட்டால் பிசிறு பின்னிக்கொண்டு, பிரித்தெடுக்க ஒரு நாள் ஆகும்.

வெட்டும் சாமான்

துணிக்கென்று ஒரு கத்தரிக்கோல். அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் பால் பாக்கெட்டை அதில் வெட்டக் கூடாது. உருளை பிளேடு கட்டர் 1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. குயில்ட் தைப்பவர்களின் வேகத்தையே மாற்றிய கருவி அது. 45 மில்லிமீட்டர் கட்டர், அதற்கான மேட், தடித்த பிளாஸ்டிக் ஸ்கேல் மூன்றும் இருந்தால்தான் பயன். மேட் இல்லாமல் மேஜையில் வைத்து வெட்டினால் மேஜையும் போகும், பிளேடும் போகும். சின்னக் குழந்தைகள் உள்ள வீடானால், ஒவ்வொரு கோடு வெட்டியதும் பிளேடை மூடுகிற பழக்கம் வரும்வரை அதை வாங்க வேண்டாம் என்பேன்.

கட்டர் இல்லாவிட்டால் பழைய எக்ஸ்ரே பிலிம் போதும். 2½, 4½, 6½ சதுரங்களாக மூன்று அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். பிலிம் வழியே துணியின் பூ மங்கலாகத் தெரியும், அதனால் பூ நடுவில் வருகிற மாதிரி வைத்துச் சாக்பீஸால் வரையலாம். ஓரம் தேய்ந்தால் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ச் டேப்பை நம்பி சதுரம் வெட்டாதீர்கள். பழகிய டேப் நீண்டிருக்கும். வீட்டில் இருக்கும் இரண்டு டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும். ஒரு குயில்ட்டுக்கு ஒரே ஸ்கேல், முதல் சதுரம் முதல் கடைசி வரை.

பழைய புடவைத் துண்டு தொளதொளவென்று ஓடும். அதற்கு வடிகஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கித் தோய்த்து, காயவைத்துத் தேய்த்தால் காகிதம் போல நிற்கும். ஆனால் கஞ்சி போட்ட துணியை டப்பாவில் பூட்டி வைக்காதீர்கள். கரப்பானுக்கும் பூச்சிக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். வெட்டி உடனே தைக்கப்போகிற துணிக்கு மட்டும் கஞ்சி.

ரவிக்கையின் கை வெட்டு, கழுத்து வெட்டு மிச்சங்களில் ஓரம் பெரும்பாலும் இழைக்குச் சாய்வாக, கிராஸில் இருக்கும். அச்சை வைக்கும்போது அந்த ஓரத்தோடு ஒட்டி வைக்காமல், துணியின் இழை போகும் திசையைப் பார்த்து நேராக வையுங்கள். கொஞ்சம் துணி வீணாகும். வீணாகட்டும், சதுரத்தின் நாலு பக்கமும் கிராஸாக அமைந்தால் தைக்கும்போது அழ வேண்டியிருக்கும்.

எங்கே வைப்பது

தையல் அறை என்று தனியாக எனக்கு ஒன்றும் கிடையாது. ஜன்னலோரம் மெஷின், அதன் பக்கத்தில் மூன்று தட்டு அலமாரி. மேல் தட்டில் தீபாவளிக்கு வந்த பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாக்கள், உள்ளே இருப்பது வெளியே தெரிகிறவை. 4½-க்கு இரண்டு, 6½-க்கு ஒன்று, 2½ இன்ச் அகலப் பட்டிகளுக்கு ஒன்று. 2½ சதுரங்களை டப்பாவில் போட்டால் கலைந்துவிடும் என்பதால், ஊசி நூலில் ஐம்பது ஐம்பதாகப் பூ மாதிரி கோத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். எத்தனை இருக்கிறது என்று எண்ணவே வேண்டாம்.

நிறவாரியாகப் பிரிக்க உட்காராதீர்கள். பச்சையா, மயில் கழுத்தா, ராமர் பச்சையா என்று யோசித்தே மாளாது. வெளிர், அடர் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். குழப்பமானதை அடர் துணிப் பக்கம் தள்ளுங்கள்.

டப்பாவில் வசம்புத் துண்டு ஒன்று போட்டால் பூச்சி அண்டாது. மழைக்காலத்தில் முக்கால் காய்ந்த துணியை மூடி வைக்காதீர்கள், பூஞ்சைக் கறை லேசில் போகாது.

நூலுக்கு ஒரு பரிசோதனை: ஒரு முழம் உருவி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பட்டென்று அறுந்தால் அந்த நூல்கண்டு வெயில் பட்டு மக்கிவிட்டது, போட்டுவிடுங்கள். பழைய நூல் என்று பாவம் பார்த்தால் போர்வை இரண்டு துவையலில் வாய் பிளக்கும். குண்டூசிகளை எண்ணி வையுங்கள். என் டப்பா மூடியில் 50 என்று எழுதியிருக்கிறது. வேலை முடிந்ததும் 49 இருந்தால், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் தரையில் ஓட்டாமல் எழுந்திருக்க மாட்டேன். காரணம், ஐம்பதாவது ஊசியை ஒருமுறை என் பாதம்தான் கண்டுபிடித்தது.

கால் இன்ச்சைப் பிடிப்பது

இதில்தான் பொறுமை வேண்டும். கறுப்பு மெஷின்களில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரம் எல்லாவற்றிலும் கால் இன்ச்சில் அமையாது. ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் இன்ச் கோட்டில் தொடுகிற மாதிரி இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கே தட்டில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிடுங்கள். துணியை நகர்த்தும் பல்லை அது மறைக்கக் கூடாது. தைக்கும்போது கண் ஊசியில் இருக்க வேண்டாம், பிளாஸ்திரி ஓரத்தில் இருக்கட்டும்.

சரியாக ஒட்டினோமா என்று தெரிந்துகொள்ள, 2½ இன்ச் பட்டி மூன்றைப் பக்கவாட்டில் இணைத்துத் தேய்த்து, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக 2 இன்ச் இருக்க வேண்டும். கொஞ்சம்தானே குறைகிறது என்று விடாதீர்கள். ஓரத்தில் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போகும். ஒன்பது சதுரம் உள்ள ஒரு வரிசையில் எட்டுத் தையல். முழுசாக ஒரு இன்ச் காணாமல் போய்விடும், அடுத்த வரிசையோடு ஒட்டாது.

ஊசி 14 நம்பர், இன்ச்சுக்கு 12 தையல் போல. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது மட்டும் 16 நம்பர் ஊசி. எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள், "டொக் டொக்" என்று சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் போர்வை: 36-க்கு 48

குழந்தைக்குப் போர்த்த, மடியில் போட, ரயிலில் கொண்டுபோக ஏற்ற அளவு. தைத்தபின் 4 இன்ச் ஆகிற 4½ சதுரம் குறுக்கே 9, நெடுக்கே 12, மொத்தம் 108. சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றாக, 54 முழுச்சதுரம், 54 நான்கு துண்டுச் சதுரம்.

நான்கு துண்டுச் சதுரத்துக்குப் பொடித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டாம். 2½ இன்ச் அகலம், 22 இன்ச் நீளப் பட்டியில் வெளிர் ஒன்று, அடர் ஒன்று எடுத்து நெடுக்கே தைத்து, ஓரத்தை அடர் பக்கம் சாய்த்துத் தேய்த்து, 2½ இன்ச்சுக்கு ஒன்றாக வெட்டுங்கள். எட்டு ஜோடி கிடைக்கும். ஒரு ஜோடியைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்றோடு முகத்துக்கு முகம் வைத்தால், இரண்டு தையலின் மடிப்பும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொள்ளும். விரலால் தடவினாலே அந்தப் பள்ளம் தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நடுமுனை தானாகச் சேரும். இப்படி ஒரு ஜோடிப் பட்டிக்கு நான்கு சதுரம், 54-க்கு 14 ஜோடி. சதுரமாக ஏற்கெனவே கோத்து வைத்திருப்பதைக் கொண்டும் தைக்கலாம், நேரம் கூடும், துணி வகையும் கூடும்.

தேய்க்கும்போது பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடம். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

108-ஐயும் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். அதற்குமுன் மின்விசிறி சுவிட்சில் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். நான் ஒரு மணி நேரம் முட்டி வலிக்க அடுக்கி முடித்த நிமிஷம், அத்தை உள்ளே வந்து விசிறியைப் போட்டார். அத்தனையும் கட்டிலுக்கு அடியில். "வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கியேன்னு போட்டேம்மா" என்றார். என்ன சொல்வது? அதற்குப் பிறகு கம்பளி விரிப்பின்மேல்தான் பரப்புகிறேன். பருத்தித் துண்டு கம்பளியில் லேசாக ஒட்டிக்கொள்ளும், சாப்பாட்டு நேரத்தில் அப்படியே சுருட்டி வைக்கலாம். அடுக்கியதும் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். அடர் துணிகள் ஒரே மூலையில் குவிந்திருந்தால் வண்ணத்தில் தெரியாதது இதில் பளிச்சென்று தெரியும்.

வரிசை வரிசையாகத் தைத்து, பிறகு வரிசைகளை இணையுங்கள். ஒற்றைப்படை வரிசையின் மடிப்புகளை இடப்பக்கம், இரட்டைப்படை வரிசையை வலப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால் அங்கேயும் அதே கொளுவல் கிடைக்கும்.

நடு அடுக்குக்குக் கடையில் பாலியெஸ்டர் பஞ்சுத் தகடு விற்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது என்பது என் கட்சி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துப் போடுங்கள். அடித்துணிக்கும் இன்னொரு புடவை. இரண்டையும் நாலு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக, 40-க்கு 52 வெட்டுங்கள். அடித்துணியைத் தரையில் இறுக்காமல் சுருக்கமில்லாமல் டேப் போட்டு ஒட்டி, மேலே மற்ற இரண்டையும் விரித்து, நடுவிலிருந்து வெளியே நான்கு இன்ச்சுக்கு ஒரு வரி பெரிய ஓட்டுத் தையல் போடுங்கள். இதைக் குறுக்கு வழியில் முடித்தால் அடித்துணியில் மடிப்பு விழுந்து, முழுக்கத் தைத்த பிறகுதான் தெரியும்.

மூன்றையும் பிடிக்கும் தையலை மெஷினில் இணைப்புப் பள்ளத்திலேயே ஓட்டலாம். கையால் என்றால் எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து ஓட்டுத் தையல். நான் கையால்தான் போடுகிறேன், மாலையில் டிவி பார்த்துக்கொண்டே.

ஓரப்பட்டிக்கு 168 இன்ச் சுற்றளவும் மூலைக்கும் இணைப்புக்குமாக 12 இன்ச்சும் சேர்த்து 180 இன்ச் வேண்டும். அதே 2½ பட்டிகளில் 22 இன்ச் நீளத்தில் பத்து எடுத்துச் சாய்வாக இணைத்தால் போதும். நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, முன்பக்கம் மெஷினில் வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங்.

சதுரமாக வராதவை

2½ இன்ச்சுக்கும் குறைந்த நீள நீளச் சிம்புகளுக்குப் பழைய வேட்டியை 7 இன்ச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை ஒரு சிம்பை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் தைத்து, திருப்பித் தேயுங்கள். இரண்டு பக்கமும் மூலை நிரம்பும்வரை இதே. கடைசியில் 6½-க்குச் சீவுங்கள். வேட்டி உள்ளேயே இருந்துவிடும், நடு அடுக்குகூட வேண்டாம் என்கிற அளவுக்குக் கனம் கிடைக்கும். எல்லாச் சதுரத்திலும் நடுச்சிம்பு ஒரே நிறமாக இருந்தால், நான்கை இணைக்கும்போது அது வைரமாகக் கூடும். இதே 36-க்கு 48 அளவுப் போர்வைக்கு இப்படி 48 சதுரம் வேண்டும்.

மெஷினே இல்லாதவர்கள் கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குயில்ட்டைப் பின்பற்றலாம். ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அவர்கள். பழைய புடவையை விரித்து, அதன் விளிம்பிலிருந்து தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்து, ஓட்டுத் தையலிலேயே சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையல். அளவுத் துண்டே தேவையில்லை. நான்கு மூலையிலும் மடித்த துண்டை வைப்பார்கள், அதற்குப் 'பூலா', பூ என்று பெயர்.

அடுப்பில் பாத்திரம் பிடிக்க, 6½ சதுரம் இரண்டுக்கு நடுவில் பழைய டவல் மூன்று மடிப்பு. இதில் முழுக்க முழுக்கப் பருத்தி. ஒரு பாலியெஸ்டர் துண்டு கலந்தாலும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

ஒதுக்கி வைத்த பனியன் துணியை ஒரு இன்ச் அகல நாடாவாக வெட்டி இழுங்கள், ஓரம் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகும். மூன்றைப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

மீதிப் பிசிறைத் தலையணைக்குள் அடைக்காதீர்கள், கல் மாதிரி கட்டிக்கொள்ளும். நாய்க்கு மெத்தை, மோடாவுக்கு உள்ளடைப்பு, ஊசி குத்தி வைக்கும் திண்டு, இவற்றுக்குச் சரி.

போர்வை முடிந்ததும் முதல் அலசல் தனியாக, பச்சைத் தண்ணீரில், கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தால் அடுத்த தடவை மற்ற துணியோடு போடலாம். நிறம் ஏறியிருந்தால் போர்வையை ஒரு நிமிஷம்கூட ஈரத்தோடு மடித்து வைக்காமல், இன்னொரு தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துப் போடுங்கள். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் ஈரம் தங்கிச் சாயம் அங்கேதான் இறங்கும்.